சத்திரத்தில் ஒப்புவித்த பிறகு



நல்ல சமாரியன் உவமையை நம்முடைய பங்கில் ஞானோபதேசம் படிக்கிற குழந்தைகளும் ஒப்பிப்பார்கள். கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவன், கண்டும் விலகிப்போன குரு, கண்டும் விலகிப்போன லேவியன், மனமிரங்கி நின்ற சமாரியன், அவன் வார்த்த எண்ணெயும் திராட்சை இரசமும், காயம்பட்டவனை ஏற்றிச்சென்ற மிருகம், கடைசியாகச் சத்திரம். நானும் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்த உவமையின்பேரில் பிரசங்கம் செய்து வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் சத்திரத்து வாசலோடு என் பிரசங்கம் முடிந்துபோகும். காயம்பட்டவனைப் பத்திரமான இடத்தில் சேர்த்தாயிற்று, இனி ஆமென்.

ஆனால் நமது ஆண்டவர் கதையை அங்கே முடிக்கவில்லை. சமாரியன் அன்று இரவு சத்திரத்திலேயே தங்கி, தானே நோயாளியைக் கவனித்தான். மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்தான். அதன்பின், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்துப் போனான். "திரும்பி வரும்போது" என்கிற இந்தச் சொல்லைச் சற்று யோசியுங்கள். அது சத்திரக்காரனுக்குப் பண விஷயம். காயம்பட்டவனுக்கோ உயிர் விஷயம். இந்த மனிதன் திரும்பி வந்து பார்ப்பான் என்று தெரிந்திருந்ததால், சத்திரக்காரன் மூன்றாம் நாள் நோயாளியைத் திண்ணைக்கு மாற்றியிருக்கமாட்டான். கட்டு மாற்ற மறந்திருக்கமாட்டான். அவன் கெட்டவன் என்று சொல்லவில்லை. கேட்பார் ஒருவரும் இல்லாத இடத்தில் நல்லவர்களும் அசந்துபோவார்கள் என்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்தக் குற்றத்தினால் தெரிந்துகொண்டேன். அதை உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

நம் கோவிலில் திரிகால செப மணி அடித்துக்கொண்டிருந்தவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். வயது ஐம்பதுக்கு மேல். புத்தி வளர்ச்சி ஒரு சிறு பிள்ளையின் அளவு. எழுதப் படிக்கத் தெரியாது. கடிகாரம் பார்க்கவும் தெரியாது. இருந்தும் மத்தியானம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணிக்கயிற்றண்டை வந்து நிற்பார். எதிர்வீட்டு வானொலியில் ஏதோ ஒரு சத்தம் அவருக்கு அடையாளம். அவர் மணியைக் கேட்டு உலை வைத்த வீடுகள் எத்தனை! இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய தாயார் ஆண்டவரில் நித்திரை அடைந்தார்கள். சகோதரர்கள் என்னிடம் வந்தார்கள். "சாமி, எங்க வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பகல்ல பாத்துக்க ஆளில்லை. ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா அந்த இல்லத்துல சேத்துக்குவாங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் அல்ல. நானும் கடிதம் கொடுத்தேன். அவரைக் காரில் ஏற்றி ஆசீர்வதித்து அனுப்பினேன். சத்திரத்தில் சேர்த்தாயிற்று. என் மனதுக்கும் ஆறுதல்.

ஒன்பது மாதம் நான் போகவே இல்லை. பத்தாம் மாதம் வேறொரு காரியமாய் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நியாயமாய்ச் சொல்லவேண்டும்: அந்த இடம் சுத்தமாய் இருந்தது. தரை கழுவியிருந்தது, மூன்று வேளையும் ஆகாரம் உண்டு, ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. ஆனால் அவர் தலை ஒட்ட மழிக்கப்பட்டிருந்தது. போட்டிருந்த சட்டை வேறொருவருடையது. துணிகளெல்லாம் ஒன்றாய்த் துவைத்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிவிடுகிற வழக்கம். தாயார் கொடுத்த செபமாலை, விழுங்கிவிடுவாரோ என்ற பயத்தில் அலுவலக அலமாரியில் பூட்டியிருந்தது. சுமார் அறுபது பேருக்கு இரவில் ஒரே ஆள். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்தது. உடனே அவருடைய இரண்டு கையும் உயர்ந்து, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தன. பிறகு என்னைப் பார்த்து, "சாமி, இப்ப அங்க மணி யாரு அடிக்கிறா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் போன மாதமே நாம் மின்சார மணி வாங்கி மாட்டிவிட்டோம்.

(இதை எழுதலாமா என்று அவரிடமும் கேட்டேன், சகோதரர்களிடமும் கேட்டேன். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.)

பிரியமானவர்களே, அவருக்கு அங்கே என்ன குறை? சோறு குறையவில்லை. கூரை குறையவில்லை. மருந்தும் குறையவில்லை. தன்னை எதிர்பார்க்கிற ஒருவர் என்பது குறைந்துபோயிற்று. இங்கே ஒரு ஊர் முழுவதும் அவர் கைக்குக் காத்திருந்தது. அங்கே அவருக்காக எல்லாம் செய்தார்கள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பலவீனரைப் பராமரிப்பதில் நல்லது எது, போதாதது எது என்று அளக்கிற கோல் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது: அவருடைய பேர் அங்கே தெரியுமா? அவருக்கென்று ஒரு பொருளும் ஒரு வேலையும் உண்டா? திரும்பி வந்து கேட்க ஆள் உண்டா?

இது ஆகாத காரியம் என்று சிலர் நினைக்கலாம். நடந்திருக்கிற இடம் ஒன்றைச் சொல்லுகிறேன். பெல்ஜியம் தேசத்தில், ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் கேல் என்றொரு ஊர் இருக்கிறது. அர்ச்சியசிஷ்ட திம்ப்னா என்னும் கன்னிகை அவ்வூருக்குப் பாதுகாவலி. அயர்லாந்து அரசகுமாரியாகிய அவள், மனைவியை இழந்து புத்தி பேதலித்துத் தன்னையே மணக்க நினைத்த தகப்பனுக்குத் தப்பி, கெரெபெர்ன் என்னும் குருவானவரோடு கடல் கடந்து அங்கே வந்தாள் என்றும், தகப்பன் பின்தொடர்ந்து வந்து அவளைக் கொன்றான் என்றும் சொல்லுகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இது 13-ஆம் நூற்றாண்டில்தான் எழுதப்பட்டது; ஆகவே அதைப் பரம்பரைக் கதை என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் நடந்ததோ கண்கூடான சரித்திரம்.

சித்த சுவாதீனம் இழந்தவர்களை உறவினர் அந்த அர்ச்சியசிஷ்டவளின் கோவிலுக்குக் கூட்டிவந்து, ஒன்பது நாள் நவநாள் செய்தார்கள். அவர்கள் தங்குவதற்கென்று கோவிலை ஒட்டியே அறை கட்டப்பட்டது. கூட்டம் பெருகி அந்த இடம் போதாமற்போனபோது, ஊரார் தங்கள் வீடுகளைத் திறந்தார்கள். நவநாள் முடிந்தும் குணமாகாதவர்கள் அந்த வீடுகளிலேயே தங்கினார்கள்; மாதம் வருஷமாயிற்று; வருஷம் ஆயுளாயிற்று. அவர்களை நோயாளி என்று அழைப்பதில்லை. வீட்டோடு தங்கிச் சாப்பிடுகிறவர் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைப்பார்கள். குடியானவனோடு வயலுக்குப் போனார்கள், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டினார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஒரே வீட்டில் ஒருவரைத் தொடர்ந்து பராமரித்ததுண்டு. 1938-ஆம் ஆண்டளவில் சுமார் 3,700 பேர் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தார்கள். இன்று அந்தத் தொகை மிகக் குறைந்துவிட்டது; ஆனாலும் வழக்கம் நின்றுபோகவில்லை. 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பாரம்பரியத்தை நல்ல பாதுகாப்பு முறைகளுக்கான தன் பதிவேட்டில் சேர்த்தது.

ஆனால் இதிலும் ஒரு பாடம் இருக்கிறது; அதை மறைக்கக்கூடாது. கேல் ஊரிலும் பழைய காலத்தில் சிலருக்குக் காலில் விலங்கு பூட்டியதுண்டு. ஊரார் மனதில் இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கத்தை விசாரிக்க ஆள் வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1862-ல் வைத்தியசாலையும் ஏற்பட்டது. இன்று தாதிகள் அந்தக் குடும்பங்களுக்குப் போய் விசாரிக்கிறார்கள். நிலைமை மோசமானால் வைத்தியசாலையில் சேர்க்கிறார்கள். குடும்பத்துக்குச் செலவுக்கென்று ஒரு தொகையும் கொடுக்கப்படுகிறது. கவனியுங்கள்: வீட்டார் அன்பு, வைத்தியர் அறிவு, கொடுக்கவேண்டிய காசு, திரும்பி வந்து பார்க்கிற கண். இவை நான்கும் சமாரியன் உவமையிலே அப்படியே இருக்கின்றன.

இவை நான்கும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வேறு தேசம் போகவேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, நம்முடைய இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் விடியுமுன் தீப்பற்றியது. உள்ளிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து மாண்டார்கள். அன்று நாம் ஆண்டவர் மறுரூபமான திருநாள் கொண்டாடினோம். மலையின்மேல் அவர் முகம் பிரகாசித்ததைத் தியானித்தோம். அந்த ஒளியை ஏந்தவேண்டிய முகங்கள் கடற்கரையில் கரிந்துகொண்டிருந்தன. அங்குள்ள தர்காவைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லா மதத்தாரிலும் உண்டு. அவர்களில் எத்தனை பேரை, விட்டுப்போன உறவினர் திரும்பி வந்து பார்த்தார்கள்? சங்கிலியைப் பூட்டியது காப்பகத்தான் கை. அதன் மறுமுனை யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதன்பின் சட்டங்கள் வந்தன. மாற்றுத்திறனாளி ஒருவரை இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது, குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரை நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. வயதான பெற்றோரைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று 2007-ஆம் ஆண்டே சட்டம் ஏற்பட்டது. சட்டம் நல்லது. ஆனால் சட்டத்தினால் சங்கிலியை அவிழ்க்கலாம். தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கமுடியாது. அது நம்முடைய வேலை.

அந்த வேலையைச் செய்கிறவர்கள் நமது நாட்டிலும் இருக்கிறார்கள். சென்னையில் 1993-ஆம் ஆண்டு இரண்டு இளம் பெண்கள் தொடங்கிய பானியன் என்னும் ஸ்தாபனம், தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்குப் புகலிடம் கொடுத்தது. குணமாகியும் போக வீடில்லாதவர்கள் பலர் அங்கேயே தேங்கினார்கள். அவர்களை ஆயுசுக்கும் ஒரே கட்டடத்தில் வைத்திருப்பதற்குப் பதிலாக, சாதாரணத் தெருவில் வீடு வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேராய்க் குடிவைத்து, துணைக்கு ஓர் உதவியாளரையும் வைத்தார்கள். அவர்களே சந்தைக்குப் போகிறார்கள். என்ன சமைப்பது என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையையும் நான் ஆசீர்வாதம் என்றே சொல்வேன். இன்றைக்குப் புளிக்குழம்பா ரசமா என்று ஒரு மனுஷி பிடிவாதம் பிடிக்க முடிகிற இடம் அவளுடைய வீடு. கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுகிற இடம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் சத்திரம்தான்.

இனி நம் சொந்த வீடுகளுக்கு வருவோம். "என் தாயை நான் எங்கும் விடவில்லை, வீட்டிலேதான் வைத்திருக்கிறேன்" என்று பெருமைப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. நல்லது. ஆனால் வீடு என்பதனாலேயே பராமரிப்பு நல்லதாகிவிடாது. நான் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரும்போது பின்கட்டு அறைகளைப் பார்க்கிறேன். வீட்டுக்கு ஒரு வாசனை, அந்த அறைக்கு ஒரு வாசனை. தண்ணீர்ச் செம்பு இருக்கும், கைக்கு எட்டாது. மூக்குக் கண்ணாடி இருக்கும், அலமாரிமேல் இருக்கும். அசையமுடியாதவர்களை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். அந்தப் புண் எலும்பு மட்டும் போகும். சத்தம் போடுகிறார் என்று வைத்தியரைக் கேளாமலே தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது, கயிறு இல்லாமல் கட்டிப்போடுவதே. அவருடைய பென்ஷன் பணத்தை அவரைக் கேளாமல் செலவழிப்பது ஏழாம் கற்பனைக்கு விரோதம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய காரியம். அவர் காதுகேட்கவே "இது எப்போ போகுமோ" என்று பேசுவது எந்தக் கற்பனைக்கு விரோதம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணிநேரம் உங்கள் தகப்பனாரின் மலம் எடுத்துக் கழுவுகிற பெண்ணுக்குச் சம்பளத்தைத் தாமதிக்காதீர்கள். அவளுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுங்கள். அவள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கொடுங்கள். களைத்துப்போன கை மென்மையாய்த் தொடாது. நோயாளிக்கு நீங்கள் செய்கிற மரியாதையின் பாதி, அவரைத் தொடுகிற கைக்கு நீங்கள் செய்கிற மரியாதைதான்.

இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று நான் சொன்னதாக யாரும் எண்ணவேண்டாம். பதினெட்டு வருஷமாய் ஒரு மகனைத் தனியாய்த் தூக்கிச் சுமந்து முதுகு ஒடிந்த தாயை எனக்குத் தெரியும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து ஊழியம் செய்து, ஞாயிறு பூசைக்கும் வரமுடியாத மருமகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து "உன் சிலுவை, நீ சும" என்று சொல்லுகிறவன் ஆண்டவரின் சீஷன் அல்ல. ஆண்டவருக்கே சிலுவை சுமக்க ஒரு சிரேனே ஊரான் வேண்டியிருந்தது. இல்லமும் ஒரு கிருபைதான். பல கன்னியர் தங்கள் ஆயுளையே அங்கே கரைக்கிறார்கள். ஆனால் சேர்ப்பதற்குமுன் போய்ப் பாருங்கள். சொல்லாமல் போய்ப் பாருங்கள். அவரவர் துணி அவரவருக்கு உண்டா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? கதவை உள்ளிருந்து திறக்கமுடியுமா? பேரைச் சொல்லி அழைக்கிறார்களா? சேர்த்த பிறகு மாதம் ஒருமுறையாவது போங்கள். உங்களால் முடியாவிட்டால் பங்கிலிருந்து ஒருவர் போகட்டும். முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மணியடித்தவர் விஷயம். அவர் திரும்பி வரலாம். மூத்த சகோதரர் தம் வீட்டுப் பக்கத்து அறையைத் திறந்துகொடுக்க ஒப்புக்கொண்டார். தனிக் கதவு, தனிக் கட்டில், சாவி அவர் கழுத்தில். தாயார் விட்டுப்போன பணத்திலிருந்து ஆகாரச் செலவு நடக்கும். கணக்கை மாதாமாதம் பங்குச் சபையார் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போக விசேந்தியார் சபையார் பொறுப்பேற்கிறார்கள். மீதி இருப்பது பகல்தான்: காலை எட்டுமணி முதல் மாலை ஆறுமணி வரை. வாரத்துக்கு ஆறு நாள், ஆறு குடும்பம் வேண்டும். அவரை வேடிக்கை பார்க்க வேண்டாம். உங்களோடு வைத்துக்கொண்டால் போதும். வெங்காயம் உரிப்பார்; மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்; கடையில் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். ஒரே கதையை நூறு தடவை சொல்லுவார். அதைக் கேட்பதுதான் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பங்குச் சுவாமியார் வீட்டில் இருப்பார்.

இதுவரை இரண்டு குடும்பம் பேர் கொடுத்திருக்கிறது. இன்னும் நாலு வேண்டும். அந்த நாலும் கிடைக்காவிட்டால் அவரைக் கூட்டிவர முடியாது. அரைகுறையாய்க் கூட்டிவந்து மறுபடியும் அனுப்புவது முதல் தவறிலும் பெரிய தவறு. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் ஞானோபதேச அறையில் காத்திருப்பேன்.

உலக முடிவில் ஆண்டவர் நம்மிடம் எத்தனை பேரை எங்கெங்கே சேர்த்தாய் என்று கேட்கப்போவதில்லை. வியாதியாய் இருந்தபோது வந்து பார்த்தாயா என்று கேட்கப்போகிறார். அந்தக் கேள்விக்கு ஒன்பது மாதம் என்னிடம் பதில் இல்லை. உங்களோடு சேர்ந்து ஒரு பதில் தேடிக்கொள்ள அவர் எனக்கு இன்னும் தவணை கொடுத்திருக்கிறார்.

மின்சார மணியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கயிறு புதிதாய் வாங்கிக் கட்டியாயிற்று. சர்வேசுரன் உங்கள் ஒவ்வொருவரையும், உங்கள் வீட்டுப் பின்கட்டில் படுத்திருப்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு